மச்சானோடு ஒரே படகில்

பிப்ரவரி 9, ஞாயிறு

என்னைக் கேட்காமல் என் பெயரை ஒரு மீன்பிடிப் போட்டியில் சேர்த்துவிட்டாள் தமயந்தி. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் என்னைக் கேட்காமல் அவள் செய்த காரியங்களைத் தனி நோட்டுப் போட்டு எழுதலாம். இது எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

மார்ச் 8, சனிக்கிழமை, சீடர் பெண்ட் ஏரி. டெக்சஸில் குளிர் விட்டு வசந்தம் எட்டிப் பார்க்கும் நேரத்தில் வருஷா வருஷம் நடக்கும் பாஸ் மீன் போட்டி. ஒரு படகுக்கு இரண்டு பேர். காலை ஏழுக்குக் கிளம்பி மாலை மூன்றுக்குள் திரும்ப வேண்டும். பிடித்ததில் பெரிய ஐந்து மீனை உயிரோடு எடை போடுவார்கள். எனக்கு ஜோடி யார் தெரியுமா? அவளுடைய அண்ணன் சௌந்தரபாண்டியன். ஆறு வருஷமாக என்னோடு பேசாத என் மச்சான்.

"அண்ணனோட படகுல போவாருல்ல டேல், அவரு மூட்டு ஆபரேஷன் பண்ணிப் படுத்துருக்காராம். அண்ணனுக்கு ஜோடிக்கு ஆள் இல்லைன்னு மதினி சொன்னாங்க. உங்க பேரைக் குடுத்துட்டேன்" என்றாள், சாம்பாருக்கு உப்புப் போட்டுவிட்டதாகச் சொல்லும் குரலில்.

"தூண்டிலை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே எனக்குத் தெரியாதுடி."

"மீன் பிடிக்கவா உங்களை அனுப்புறேன்? படகுல ஏறிட்டா எட்டு மணி நேரம் எறங்கி ஓட முடியாது. ரெண்டு பேரும் பேசித்தான் ஆகணும். மே மாசம் கல்யாணம், ஞாபகம் இருக்குல்ல?"

ஞாபகம் இல்லாமல் என்ன? மகள் மித்ராவுக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் பெண்ணின் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டி வருவது தாய்மாமன். அவர் சீர் கொண்டுவராமல் பந்தலில் ஒன்றும் நகராது. அந்தத் தாய்மாமனை அழைக்க நானும் அவளும் தட்டோடு நேரில் போக வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய், அவர் கதவைத் திறக்காவிட்டால்? தமயந்திக்கு அந்தப் பயம். எனக்கு ஒரு பயமும் இல்லை.

சண்டை எதற்கு என்பதையும் எழுதிவிடுகிறேன், பின்னால் யாராவது படித்தால் நியாயம் தெரியட்டும். இந்த வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் வைத்தபோது, அழைப்பிதழை வாட்ஸாப்பில் நூற்றி நாற்பது பேருக்கு ஒரே அமுக்கில் அனுப்பினேன். மச்சானுக்கும் அதில்தான் போனது. அவர் வீடு காரில் இருபத்திரண்டு நிமிஷம். நேரில் போயிருக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு அந்த மாதம் ஆபீசில் கழுத்து நெரிந்தது. அவராவது போனைப் போட்டு, "என்ன மாப்ள, இதான் மரியாதையா?" என்று நாலு திட்டுத் திட்டியிருக்கலாம். செய்யவில்லை. கும்பிடுகிற கைப் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பிவிட்டு, வராமல் இருந்துவிட்டார். என் பல் டாக்டர்கூட வந்திருந்தார்.

ஆம்பிளைகள் இரண்டு பேரும் பேசாத இந்த ஆறு வருஷமும் தமயந்தியும் அவள் மதினி இந்திராணியும் தினம் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பிப்ரவரி 10, திங்கள்

போக மாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். ராத்திரிக்கு வெறும் தோசை. சட்னி இல்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

போகிறேன் என்று சொல்லிவிட்டேன். சட்னிக்காக இல்லை. டேல் பாவம், பதினோரு வருஷமாக மச்சானோடு படகு ஏறும் மனுஷன். அவருக்காக.

பிப்ரவரி 15, சனி

ஒரு காரியத்தை எடுத்தால் முறையாகச் செய்கிறவன் நான். இருபத்து மூன்று வருஷமாகத் தரத் தணிக்கை வேலை. ஊரார் எழுதிய ஆவணத்தில் பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன். எனவே மீன்பிடிப்புக்கும் ஒரு கோப்புத் திறந்து, ஏரியின் ஆழப் படம், காற்றுத் திசை, தண்ணீரின் சூடு எல்லாம் வரிசையாகப் போட்டிருக்கிறேன். குளிர்காலத்தில் ஆழத்தில் கிடக்கும் பாஸ், தண்ணீர் கொஞ்சம் சூடேறியதும் முட்டையிடக் கரையோரம் வருமாம். பாரன்ஹீட்டில் அறுபதைத் தொட்டால் அதற்குக் கல்யாணக் களை வந்துவிடும். வீடியோக்காரர் ஒருவர் இதை நாற்பது நிமிஷம் சொன்னார்.

மதியம் கொல்லைப்புறத்தில் வீசிப் பழகினேன். முதல் வீச்சு வேலிக்கு. இரண்டாவது என் தொப்பிக்கு. மூன்றாவது வீச்சு நன்றாக, நீளமாக, கம்பீரமாகப் போய், வெயில் காட்ட வெளியே வைத்திருந்த கறிவேப்பிலைச் செடியில் மாட்டியது. விடக் கூடாது, இழுத்துச் சுற்ற வேண்டும் என்று வீடியோவில் சொல்லியிருந்ததால் இழுத்துச் சுற்றினேன். தொட்டியோடு வந்தது.

தமயந்தி அந்தச் செடியை நாலு குளிர்காலம் கராஜில் வைத்து, போர்வை போர்த்தி, பிள்ளை மாதிரி காப்பாற்றியவள். "மச்சானும் மாப்பிள்ளையும் சேர்றதுக்குள்ள என் குடும்பத்துல எத்தனை உசுரு போகப்போகுதோ" என்றாள்.

பிப்ரவரி 17, திங்கள்

மச்சானிடமிருந்து உத்தரவுகள் வந்தன. நேராக எனக்கு இல்லை. அவர் இந்திராணி அக்காவிடம் சொல்ல, அக்கா தமயந்தியிடம் சொல்ல, தமயந்தி என்னிடம் சொன்னாள். நான் கேட்ட சந்தேகங்கள் அதே வழியாகத் திரும்பிப் போயின. வெந்நீர் உடுப்பு கொண்டுவர வேண்டும் என்று எனக்கு வந்து சேர்ந்தது. வெந்நீர் உடுப்பு எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டு அனுப்பினேன். கதகதப்பான உடுப்பு என்று திருத்தம் வந்தது.

மற்றபடி: வாழைப்பழம் படகில் ஏறக் கூடாது, மீனுக்கு ஆகாதாம். மிதவைச் சட்டையைக் கழற்றவே கூடாது. போட்டி முடியும்வரை படகை விட்டுத் தரையில் கால் வைத்தால் அந்த ஜோடியையே போட்டியிலிருந்து கழித்துவிடுவார்கள். மச்சான் ஏற்கெனவே இரண்டு முறை ஜெயித்தவர், மூன்றாவது கோப்பைக்கு அலமாரியில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார், எனவே நான் எதையும் கெடுக்காமல் வலையை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.

கடைசியாக ஒன்று. எடை போட்டதும் மீனை மறுபடி ஏரியிலேயே விட்டுவிடுவார்களாம்.

"விட்டுருவாங்களா? அப்ப எதுக்குப் புடிக்கிறது?" என்றாள் தமயந்தி. அவள் குழம்புக்கு மல்லி வறுத்து வைத்திருந்தாள்.

பிப்ரவரி 19, புதன்

மதுரையிலிருந்து கல்யாணப் பத்திரிகையின் முதல் பிரதி கைப்பேசிக்கு வந்தது. எல்லாரும் எல்லாவற்றையும் கவனிக்கட்டும், நான் ஒரே ஒரு இடத்தைத்தான் பார்த்தேன். தாய்மாமன் சௌந்தரபாண்டியன் – இந்திராணி என்ற வரி, பத்திரிகையின் அடியில், உறவினர் கும்பலுக்கு நடுவில், எறும்பு சைசில் கிடந்தது. இந்த மனுஷன் ஒரு வாட்ஸாப்புக்கே ஆறு வருஷம் எடுத்தவர். இதைப் பார்த்தால் பேரன் காலம்வரை போகும்.

அச்சகக்காரருக்குப் போன் போட்டேன். "அந்த வரியை மேல ஏத்துங்க. எழுத்தைப் பெருசாக்குங்க."

"எவ்வளவு சார் பெருசா?"

"பார்த்ததும் தெரியணும்."

பிப்ரவரி 22, சனி

ஒத்திகை நாள். ஆறு வருஷத்துக்கு அப்புறம் மச்சானைப் பக்கத்தில் பார்த்தேன். முடி முழுக்க வெளுத்துவிட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் குனிகிறார். எனக்கு என்னவோ போல இருந்தது. ஐம்பத்தெட்டு வயசெல்லாம் ஒரு வயசா?

கையை நீட்டினார். குலுக்கினேன். "வாங்க சார்" என்றார்.

சார்! மித்ரா பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைத் தூக்கிச் சுற்றியவர். சரி, நானும் விடவில்லை. "சொல்லுங்க சார்" என்றேன். அதற்கப்புறம் படகு முழுக்க சார் மயம். "சார், கயித்தை அவுங்க." "அவுத்துட்டேன் சார்." "சார், நீங்க மிதிச்சிட்டு நிக்கிறது என் தூண்டில்." "ஸாரி சார்."

நாலு மணி நேரம் சுற்றினோம். படகின் முன்னால் நின்று அவர் வீசுவதைப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு மீன்கூட வரவில்லை. தண்ணீர் இன்னும் ஐம்பத்து மூன்றுதான். கரையோரம் ஒரு மூலையைக் காட்டி, "அந்த வளைவுக்குப் பின்னாடிதான் எங்க வீடு" என்றார். ஆறு வருஷத்துக்கு முன்னால் வாரம் தவறாமல் அங்கே சாப்பிட்டவன் நான். "அப்படியா சார்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே தமயந்தி பிடித்துக்கொண்டாள். "கல்யாணத்தைப் பத்திச் சொன்னீங்களா?"

"இது ஒத்திகைதான். ஒத்திகையில அதெல்லாம் சொல்ல மாட்டாங்க."

பிப்ரவரி 24, திங்கள்

அச்சகத்திலிருந்து மூன்றாவது பிரதி. வரி மேலே ஏறியிருக்கிறது. ஆனாலும் மாப்பிள்ளை வீட்டுத் தாத்தா பெயரைவிட ஒரு நூல் சின்னது. மறுபடி போன்.

"இதுக்கு மேல எடம் இல்ல சார். எதையாவது எடுத்தாத்தான் முடியும்."

"எதை வேணாலும் எடுங்க. அந்த வரியில மட்டும் கை வைக்கக் கூடாது."

"நீங்க ஒருக்கா முழுசாப் படிச்சுப் பார்த்துச் சொல்லிட்டீங்கன்னா—"

"இருபத்து மூணு வருஷமா படிக்கிறதுதான் சார் என் வேலை."

பிப்ரவரி 27, வியாழன்

நேற்றெல்லாம் ஐம்பத்தேழு. இன்று வடகாற்று அடித்து ஐம்பத்து நாலுக்கு இறங்கிவிட்டது. காலை மீட்டிங்கில் ஐந்து நிமிஷம் யார் என்ன பேசினார்கள் என்றே தெரியவில்லை, ஏரியின் சூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையில் ரப்பர் புழு வாங்கி வந்து, கெடாமல் இருக்க ஃபிரிட்ஜில் வைத்தேன். இட்லி மாவுக்குப் பக்கத்தில். அது ரப்பர் என்றும் கெடாது என்றும் தமயந்தி வேறு விதமாகச் சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது.

மார்ச் 3, திங்கள்

பத்திரிகைப் பெட்டி வந்துவிட்டது. முந்நூறு. பிரித்துப் பார்க்கலாம் என்று கத்தியை எடுத்தேன். தமயந்தி பிடுங்கிக்கொண்டாள். முதல் பத்திரிகை சாமிக்கு, அடுத்தது தாய்மாமனுக்கு. அதற்கு முன்னால் வேறு யார் கண்ணும் படக் கூடாதாம். பெட்டியை அப்படியே சாமி அலமாரிக்குக் கீழே வைத்து, மேலே ஒரு பூவையும் வைத்துவிட்டாள்.

"பிழை இல்லாம வந்துருக்கா?" என்றாள்.

"நாலு தடவை பார்த்தேன்" என்றேன். உண்மைதான்.

மார்ச் 5, புதன்

படகில் எப்போது எதைப் பேசுவது என்று திட்டம் போட்டுவிட்டேன். ஏழு மணிக்கு வானிலை. அது அரை மணி நேரம் தாங்கும். அப்புறம் டேலின் மூட்டு. மூட்டிலிருந்து அவருடைய இடுப்பு, இடுப்பிலிருந்து குடும்பம், குடும்பத்திலிருந்து மித்ரா. எட்டரைக்குக் கல்யாணத்தைத் தொட்டுவிட வேண்டும். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை ராகுகாலம், அதில் இந்தப் பேச்சை வாயிலேயே எடுக்கக் கூடாது. எட்டரைக்கு நான், "மச்சான், நடந்தது நடந்துபோச்சு" என்று ஆரம்பிப்பேன். 'தப்பு என் மேலதான்' என்றும் ஒரு வரி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அப்புறம் மறுபடி எழுதினேன். இப்போதைக்கு இருக்கட்டும்.

கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் வருகிறது. கண்ணாடியில் தெரிந்தவர் உடனே மன்னித்துவிட்டார்.

மார்ச் 7, வெள்ளி

ஐம்பத்தெட்டு. ஏரி இன்னும் அறுபதைத் தொடவில்லை.

மார்ச் 8, சனி

பிற்பகல். கை இப்போதுதான் பேனா பிடிக்கிற சூட்டுக்கு வந்திருக்கிறது. வரிசையாக எழுதுகிறேன்.

அறுபது படகு. மூடுபனி. மச்சான் புதுத் தொப்பி போட்டிருந்தார். "குட் மார்னிங் சார்." "குட் மார்னிங் சார்." ஏழு மணிக்கு விசில் அடித்ததும் படகைப் பறக்கவிட்டார், என் கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டியது. ஒரு குட்டி ஓடை ஏரியில் கலக்கிற இடத்தில் நிறுத்தினார்.

திட்டப்படி ஆரம்பித்தேன். "இன்னைக்குப் பனி ஜாஸ்திதான்."

"ம்" என்றார்.

அரை மணி நேரத்துக்குப் போட்டிருந்த வானிலை அதோடு முடிந்துவிட்டது. மூட்டுக்குத் தாவினேன். "மூட்டு எப்படி இருக்காம்?"

"யாருக்கு?"

"டேலுக்கு."

"இருக்கு."

ஏழு நாற்பதுக்கு அவருக்கு முதல் மீன். எட்டேகாலுக்குள் இன்னும் இரண்டு. நான் வலை பிடித்தேன், ஒன்றையும் கெடுக்கவில்லை. மூன்றும் படகில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் போயின. அவர் முகத்தில் மூன்றாவது கோப்பை தெரிய ஆரம்பித்தது. எட்டரை ஆனது. எழுந்து நின்றேன். தொண்டையைச் செருமினேன்.

"வந்து... மச்சான்... நடந்தது..."

அவர் திரும்பினார். நிச்சயமாகத் திரும்பினார். அந்த நேரம் பார்த்து என் தூண்டிலை எதுவோ வெடுக்கென்று இழுத்தது.

"சார்! விடாதீங்க! தூக்காதீங்க, சுத்துங்க! சுத்துங்க சார்!"

சுற்றினேன். என் வாழ்க்கையின் முதல் மீன். மூன்று பவுண்டு இருக்கும், பச்சை முதுகு, என் முஷ்டி உள்ளே போகிற அளவுக்கு வாய். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு நாலு போட்டோ எடுக்கச் சொன்னேன். ஒப்புக்கொள்கிறேன், மகள் கல்யாணம் எனக்கு அப்போது மறந்தே போனது. மணியைப் பார்த்தால் எட்டு ஐம்பத்தெட்டு. ஆறு வருஷத்தை இரண்டு நிமிஷத்தில் பேச முடியுமா? ராகுகாலம் முடியட்டும் என்று தூண்டிலை எடுத்தேன்.

மச்சானும் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒம்பது ஆயிருச்சு" என்று பெருமூச்சு விட்டார். அவர் எதற்குப் பெருமூச்சு விட்டார் என்று எனக்கு விளங்கவில்லை. மீன் வராத நேரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பது இருபதுக்கு அது வந்தது. மச்சானின் தூண்டில் வில்லாக வளைந்து, படகே அந்தப் பக்கம் சாய்கிற மாதிரி இருந்தது. தண்ணீருக்கு மேலே ஒரு முறை எழும்பிக் குதித்தது. எட்டுப் பவுண்டுக்குக் குறையாது. மச்சான் இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தார். "வலை... வலையை நீட்டுங்க சார்... இன்னும்... இன்னும் கொஞ்சம்..."

நீட்டினேன். இன்னும் நீட்டினேன். இந்த ஒரு மீனையாவது அவருக்குப் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்துவிட்டது. ஒரு காலைப் படகின் விளிம்பில் வைத்து முழு உடம்பையும் நீட்டினேன். அதற்கு மேல் நீட்ட உடம்பு இல்லை. தலைகுப்புற ஏரிக்குள் போனேன்.

ஐம்பத்தெட்டு டிகிரி என்பது கோப்பில் பார்க்கும்போது எவ்வளவு நல்ல எண். உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரிகிறது. மூச்சே வரவில்லை. மிதவைச் சட்டை தூக்கி மேலே கொண்டுவந்தபோது ஒரே ஒரு சத்தம் கேட்டது.

"மாப்ளே!"

மச்சான் தூண்டிலைக் கீழே வைக்கவில்லை, தூக்கி எறிந்தார். மீனும் தூண்டிலும் சேர்ந்து போயின. அந்த இடுப்பை வைத்துக்கொண்டு எப்படிக் குனிந்தார், எப்படி இழுத்தார் என்று எனக்குத் தெரியாது. சட்டையின் வாரைப் பிடித்து என்னைப் படகுக்குள் உருட்டிப் போட்டார். போட்டதும் ஆரம்பித்தார்.

"லூசா மாப்ள நீங்க? வலையை நீட்டச் சொன்னா ஆளே போய் எறங்குறீங்க! நீச்சல் தெரியாத ஆளு! ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா நான் என் தங்கச்சி மூஞ்சில எப்படிய்யா முழிப்பேன்? அறிவிருக்கா உங்களுக்கு? ஆறு வருசமா என்னையக் கொன்னது போதாதா?"

ஆறு வருஷமாக நான் காத்திருந்த திட்டு. பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது, ஆனாலும் எவ்வளவு நன்றாக இருந்தது.

தன் மேல்கோட்டைக் கழற்றி எனக்குப் போர்த்திவிட்டு, படகைத் திருப்பினார். போட்டித் துறைக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அவர் போனது அந்த வளைவுக்கு. அவர் வீட்டுப் படித்துறைக்கு.

"மச்சான், தரையில கால் வச்சாக் கழிச்சுருவாங்க."

"கழிக்கட்டும்."

"மூணாவது கோப்பை..."

"வாயை மூடுறீங்களா? ஒதடு நீலமாயிருச்சு, கோப்பையாம் கோப்பை."

படித்துறையில் கட்டியதும் தண்ணீர்த் தொட்டியைத் திறந்தார். நாலு மீனையும் ஒவ்வொன்றாக எடுத்து ஏரியில் விட்டார். நான் பிடித்ததை விடும்போது மட்டும், "நல்ல மீனு மாப்ள" என்றார்.

இந்திராணி அக்கா என்னைப் பார்த்ததும் ஐயோ தம்பி என்று கத்திவிட்டு, அடுத்த நிமிஷம் துண்டு, கைலி, சுக்குக் காப்பி என்று ஆளைத் தூக்கி நிறுத்திவிட்டார். நடுவில் தமயந்திக்குப் போனும் போட்டுவிட்டார். மச்சானின் கைலியும், இரண்டு சுற்றுப் பெரிய பனியனுமாக அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஆறு வருஷத்துக்கு அப்புறம், யாரும் வாங்க என்று சொல்லாமல், தட்டும் இல்லாமல், ராகுகாலத்தில், ஈரத்தோடு அந்த வீட்டுக்குள் நுழைந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

பத்து மணி ஆறு நிமிஷத்துக்கு வாசலில் எங்கள் கார் வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை. மச்சான் ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

"தமயந்திதானே? பட்டுச்சேலை கட்டிருக்கா. ஏன் வண்டியிலேயே உக்காந்துருக்கா?"

"பத்தரை ஆகணும்ல" என்றார் அக்கா.

புருஷன் ஏரியில் விழுந்தான் என்று போன் வந்ததும் ஒருத்தி பட்டுச்சேலை கட்டி, வெற்றிலை பாக்கு பழம் அடுக்கி, பத்திரிகைப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். கோபப்பட நினைத்தேன். முடியவில்லை. மடியில் தட்டை வைத்துக்கொண்டு, நேராக முன்னால் பார்த்துக்கொண்டு, காருக்குள் தனியாக உட்கார்ந்திருந்தாள். மச்சான் அந்த இருபத்து நாலு நிமிஷமும் ஜன்னலை விட்டு நகரவில்லை. பத்து முப்பத்தொன்றுக்குச் செருப்புக்கூடப் போடாமல் வெளியே போனார்.

"வா தாயி. உள்ள வா" என்றார். அவள் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

கைலியும் பனியனுமாக அவள் பக்கத்தில் நின்றேன். இரண்டு பேரும் தட்டைச் சேர்த்துப் பிடித்தோம். "மச்சான், மித்ரா கல்யாணம். நீங்கதான் முன்ன நின்னு நடத்தணும். அன்னைக்கு நான் நேர்ல வந்துருக்கணும். தப்பு என் மேலதான்" என்றேன். எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. அவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இங்கே எழுதுவதோடு சரி, வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன்.

கண்ணாடி போட்டுப் பத்திரிகையைப் பிரித்தார். படித்தார். முகம் மாறியது. திருப்பிப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். இனிஷியல் தப்போ? எழுத்து இன்னும் சின்னதோ?

"மாப்ள" என்றார். "பொண்ணுக்கு அப்பன் யாரு?"

"என்ன மச்சான் கேள்வி இது?"

"இல்ல, இதுல காணோமே."

வாங்கிப் பார்த்தேன். தாய்மாமன் சௌந்தரபாண்டியன் – இந்திராணி என்று தங்க எழுத்தில், கோவில் கோபுரம் மாதிரி, பத்திரிகையின் நடுவில் நின்றது. மாப்பிள்ளை வீட்டில் தாத்தாவிலிருந்து எல்லாரும் இருந்தார்கள். மித்ரா இருந்தாள். தெய்வசிகாமணி – தமயந்தி என்ற எங்கள் வரி எங்கேயும் இல்லை. அந்த இடத்தில்தான் மச்சான் இருந்தார்.

"என் பேருமா போச்சு!" என்று தமயந்தி பிடுங்கிக்கொண்டாள். "நாலு தடவை பார்த்தேன்னீங்களே! எதைப் பார்த்தீங்க?"

"மச்சான் பேரைப் பார்த்தேன்" என்றேன்.

முதலில் அக்காதான் சிரித்தார். அப்புறம் மச்சான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சோபாவில் சரிந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அம்மா, வலிக்குதே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அலமாரியில் இரண்டு கோப்பை இருந்தது. பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

மித்ராவுக்குப் போனில் சொன்னோம். "அப்ப நான் யார் பொண்ணுப்பா?" என்றாள்.

மார்ச் 9, ஞாயிறு

காய்ச்சல் இல்லை, மூக்கு மட்டும் ஒழுகுகிறது. புதிதாக அச்சடிக்கச் சொல்கிறேன் என்று போனை எடுத்தேன். மச்சான் விடவில்லை. "மாசக் கணக்குல காத்துக்கிட்டு இருக்க முடியாது. விட்டுப்போன பேரைத் தாய்மாமன் கையால எழுதுறேன், எவன் என்ன சொல்வான்?" என்று காலை பத்து மணிக்கே அக்காவோடு இங்கே வந்து, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துவிட்டார். தங்க மசிப் பேனா அவரே வாங்கி வந்திருந்தார். அவர் கையெழுத்து நன்றாக இருக்கும். முந்நூறையும் தானே எழுதுவதாகச் சொல்லிவிட்டார். என்னை எழுத விடக் கூடாது என்பதில் மூன்று பேரும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

மதியம் விரால் குழம்பு. கடையில் வாங்கியது. வறுத்த மல்லி வீணாகவில்லை.

சாப்பிட்டுவிட்டு வந்து, மச்சான் காயப்போட்டிருந்த அட்டைகளில் ஒன்றைத் தொழில் புத்தியில் எடுத்துப் பார்த்தேன். சின்னதாகக் கிடைத்த இடத்தில், 'எங்கள் வீட்டு மாப்பிள்ளை தெய்வசிகாமணி – தங்கை தமயந்தி' என்று எழுதியிருந்தார். பத்திரிகையில் பெண்ணின் அப்பாவை அப்படிப் போடுகிற வழக்கமே கிடையாது. பெற்றோர் என்றுதான் போட வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். எண்ணிப் பார்த்தேன், நூற்றி நாற்பது எழுதி முடித்திருந்தார்.

"என்ன மாப்ள, ஏதும் பிழையா?" என்று நிமிராமலே கேட்டார்.

"இல்ல மச்சான், சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டைப் பிரித்து அவர் பக்கத்தில் வைத்தேன்.